"தொழில்: இல்லை". கந்தோரை விடும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கந்தோர் வேலையை விட்டு ஐந்தாவது மாதம். புதுக் கணக்குத் திறக்க வதிவிடச் சான்றிதழ் வேண்டும் என்று வங்கியில் சொன்னதால் விதானையாரிடம், அதாவது கிராம அலுவலரிடம் போனேன். பெயர், முகவரி எல்லாம் கடகடவென்று எழுதிக்கொண்டு வந்தவர் "தொழில்" என்ற இடத்தில் பேனையை நிறுத்தினார்.

"கணக்கு வேலை ஐயா, ஒன்லைனிலை."

"எந்தக் கந்தோர் தம்பி?"

"கந்தோர் இல்லை, வீட்டிலையிருந்துதான். வேலை தாற ஆக்கள் அவுஸ்திரேலியாவிலை."

என்னை ஒருக்கால் பார்த்தார், வெளியில் நின்ற என் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார், பிறகு "இல்லை" என்று எழுதி முத்திரையைக் குத்தித் தந்துவிட்டார். அந்த மாதம் எனக்கு வந்த காசு, கந்தோரில் இரண்டு மாதம் எடுத்த சம்பளத்துக்குக் கிட்ட இருக்கும். ஆனாலும் தாளில் நான் வேலையில்லாத பெடியன். அவரில் பிழை சொல்ல மாட்டேன். வங்கி, தூதரகம், பெண் வீட்டார் எல்லோரும் அதே கண்ணால்தான் பார்ப்பார்கள் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

கிளிநொச்சியிலும் மாங்குளத்திலும் வேலையை விட யோசிக்கிற தம்பி தங்கச்சிமார் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணை, கிளையன்ற் எப்படிப் பிடிக்கிறது?" அது கஷ்டம்தான், ஆனால் அதில் விழுந்தவர்களை விட, கந்தோர் இத்தனை காலமும் சத்தமில்லாமல் செய்து தந்த வேலைகளை இனி யார் செய்வது என்று யோசிக்காமல் விழுந்தவர்களைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன். சம்பளச் சிட்டை, சேமலாப நிதி, சுகயீன லீவு, "இவர் எங்களிடம் வேலை செய்கிறார்" என்ற ஒரு கடிதம். வன்னிச் சனத்துக்குத் தாளின் அருமையைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 2009 யுத்தத்தில் சட்டி பானையை வழியில் விட்டுவிட்டு, காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் பொலித்தீனில் சுற்றிக் கொண்டு போனவர்கள் நாங்கள். தொலைத்தவர்கள் மெனிக் பாம் அகதி முகாமால் வந்த பிறகு ஒவ்வொன்றுக்காகவும் எத்தனை கந்தோர் ஏறி இறங்கினார்கள் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். அம்மாவின் அந்தப் பை இன்னும் அலுமாரிக்கு மேல்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்து வளர்ந்த நான், ஒரு தாளும் கையில் இல்லாமல் வேலையை விட்டேன்.

முதல் தவறு விலகும் விதத்தில். கோழி மேய்த்தாலும் கோர்ணமேந்தில் மேய்க்க வேண்டும் என்று சொல்லும் ஊரில், அரச வேலையை விடுகிறேன் என்று சொல்ல வாய் வராது. அதனால் சிலர் ஒருவருக்கும் சொல்லாமல் லீவில் நின்று, அப்படியே நின்றுவிடுகிறார்கள். பிறகு பதவியை விட்டுப் போனதாகக் கருதிக் கடிதம் வரும், அதோடு இத்தனை வருடச் சேவையும் சிக்கலாகிவிடும். 2022 நெருக்கடியின் போது அரச ஊழியர்கள் சம்பளமில்லாமல் ஐந்து வருடம் வரை லீவு எடுக்கலாம் என்று சுற்றறிக்கை வந்ததே, அதைப் பயன்படுத்தி முறையாகப் போனவர்களும் இருக்கிறார்கள். இப்போது என்ன விதி என்று உங்கள் திணைக்களத்தில் எழுத்தில் கேளுங்கள், கன்ரீனில் கேட்காதீர்கள்.

தனியார் நிறுவனம், என்ஜிஓ என்றால் கணக்கு வேறு. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை கிடைக்கும். 1983 ஆம் ஆண்டுச் சட்டம் அது. என்னோடு வேலை செய்த ஒருவன் நாலு வருடமும் பத்து மாதமும் ஆன நிலையில், மேலாளரோடு வாய்த்தர்க்கப்பட்டுக் கடிதத்தை எறிந்துவிட்டு வந்தான். இரண்டு மாதம் பல்லைக் கடித்திருந்தால் ஒரு நல்ல லாப்டொப்புக்குக் காசு வந்திருக்கும். சேமலாப நிதியைப் பற்றியும் ஒரு தப்புக் கணக்கு உண்டு. உங்கள் பங்கு 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் சேர்ந்து கிடக்கும் அந்தக் காசை, "நான் வெளிநாடு போகிறேன்" என்று சொன்னவுடன் தர மாட்டார்கள். பொதுவாக ஆண்களுக்கு 55 வயது, பெண்களுக்கு 50 ஆக வேண்டும், அல்லது நிரந்தரமாகக் குடிபெயர வேண்டும். ஆறு மாதம் தாய்லாந்தில் இருப்பது குடிபெயர்வு ஆகாது. ஆகவே அந்தக் காசை நம்பி ரிக்கற் போடாதீர்கள்.

இன்னொன்று, வேலையில் இருக்கும்போதே எடுக்க வேண்டியதை எடுத்துவிடுங்கள். கடனட்டையோ, சோலாருக்கான கடனோ, எதுவானாலும். விட்ட பிறகு சம்பளச் சிட்டை இல்லாமல் வங்கி முகாமையாளரின் முன்னால் இருந்து பாருங்கள், தெரியும். எடுத்த கடனை எதால் கட்டுவது என்ற கணக்கையும் அன்றைக்கே போடுங்கள். ஆருக்காவது பிணை நின்றிருந்தால் அதையும் முடித்துவிட்டு வாருங்கள். நான் நின்ற இரண்டு பிணையில் ஒன்று இன்னும் என் தலையில்.

சரி, இப்போது காசு வரும் வழி. இதில்தான் எங்கள் ஆக்களுக்கென்றே ஒரு தவறு இருக்கிறது. முதல் கிளையன்ற் பெரும்பாலும் கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் சொந்தக்காரர். மச்சானின் கடைக் கணக்கு, சித்தப்பாவின் தளபாடக் கடைக்கு வெப்சைற். வேலை நல்லதுதான், ஆனால் காசு எப்படி வருகிறது? "உண்டியலில் போடுறன், பின்னேரம் வீட்டுக்குக் கொண்டுவந்து தருவாங்கள்." உண்டியல் என்றால் வங்கி வழியே வராமல் ஆள் கைமாறி வரும் காசு. தருவார்கள், வங்கி வீதத்தை விட ஒன்றிரண்டு ரூபாய் கூடவும் கிடைக்கும். ஆனால் அந்தக் காசுக்குத் தாள் இல்லை. எனக்கு எட்டு மாதம் அப்படித்தான் வந்தது. விசாவுக்கு வங்கிக் கூற்றுக் கேட்டபோது என் கணக்கில் இருந்தது மின்சாரப் பட்டியல் கட்டிய தொகைகளும் ஒரு நகை அடகு மீட்டதும்தான். எட்டு மாத உழைப்பு எங்கேயும் இல்லை. உண்டியல் சட்டத்துக்கும் புறம்பு, அது தனிக் கதை. சொந்தக்காரர் என்றாலும் விலைச்சிட்டை எழுதி அனுப்புங்கள், வங்கிக்குப் போடச் சொல்லுங்கள், முகம் சுழித்தால் சுழிக்கட்டும்.

பேபாலில் இலங்கையிலிருந்து காசு அனுப்பலாம், வருவதை எடுக்க முடியாது என்பதுதான் நான் தொடங்கிய காலத்து நிலைமை. அதற்காக லண்டனில் இருக்கும் அக்காவின் பெயரில் கணக்குத் திறந்து ஓடியவர்கள் பலர். ஒரு நாள் அடையாள அட்டையோடு முகத்தைக் காட்டு என்று கேட்பார்கள், அக்கா வேலையில் நிற்பார், கணக்கு முடங்கும். வேலைத் தளங்களில் அடுத்தவனின் கணக்கை வாடகைக்கு எடுத்துச் செய்வதும் இதே வகைதான். நல்ல பெயர் எடுத்தாலும் அது அவனுடைய பெயர். பேயோனியர் போன்ற இணையவழிக் காசுச் சேவைகளில் உங்கள் பெயரிலேயே கணக்குத் திறந்து, அங்கிருந்து உங்கள் வங்கிக்கு எடுங்கள். கொஞ்சம் கட்டணம் போகும், போகட்டும்.

வருமானத்தைக் கணக்கிடும்போது மொத்தத்தைப் பார்த்து மயங்குகிறோம். ஃபைவர் என்ற வேலைத் தளத்தில் 500 டொலர் வேலை என்றால் 20 வீதத்தை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள், மிச்சம் 400. புதியவர்களுக்கு அதுவும் வேலை முடிந்து 14 நாள் கழித்துத்தான் கைக்கு வரும். அதற்குப் பிறகு எடுக்கும் கட்டணம், நாணய மாற்று. டொலர் வீதத்திலும் கவனம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதம் 360 வரை ஏறியது. அந்த நாளில் 360 ஆல் பெருக்கிப் பார்த்து வேலையை விட்டு, லீசிங்கில் வாகனமும் எடுத்தவர்களுக்கு, அடுத்த வருடம் அது 300 அளவுக்கு இறங்கியபோது தவணை மட்டும் இறங்கவில்லை.

வரி என்றால் ஓடி ஒளிகிறோம். 2025 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டாருக்குச் செய்யும் சேவைக்கு வெளிநாட்டு நாணயமாக வங்கி வழியே வரும் வருமானத்துக்கும் வரி உண்டு, ஆனால் ஆகக் கூடியது 15 வீதம். வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய் வரை விலக்கு. அதாவது மாதம் சராசரியாக ஒன்றரை இலட்சத்துக்குள் உழைப்பவர் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. ஆனாலும் வரி இலக்கம் எடுத்து, வருடாவருடம் நவம்பர் 30 க்குள் வருமான வரி விவரத்திரட்டுக் கொடுத்து வாருங்கள். ஏன் என்று கேட்டால், உங்கள் சம்பளச் சிட்டை இனி அதுதான். தூதரகத்தில் நீட்டக்கூடிய, அரசாங்கத்தின் பெயர் போட்ட ஒரே வருமானத் தாள்.

அதோடு பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் ஒன்றைப் பதிவு செய்யுங்கள். விதானையாரின் பரிந்துரை வேண்டும், செலவு பெரிதில்லை. நான் அதைச் செய்யப் போனபோது "கடை எங்கை?" என்று கேட்டார்கள். வீட்டு விறாந்தையைக் காட்டினேன். ஒரு மேசை, இரண்டு கணினித் திரை, கீழே படுத்திருக்கும் நாய். வந்து பார்த்தவர் சிரித்துவிட்டு எழுதினார். அடுத்த முறை வதிவிடச் சான்றிதழில் "சுயதொழில்" என்று வந்தது.

மின்சாரம், இன்ரநெற் பற்றி நீட்ட மாட்டேன், எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரண்டு நிறுவனத்தின் சிம், ஒரு யூபிஎஸ். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பாய்ந்ததில் முழு நாடும் இருண்டது. அதைக் கிளையன்றுக்கு விளங்கப்படுத்திப் பாருங்கள். என்னுடையவர் நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தார்.

இனி வெளிநாடு. எங்களுக்கு வெளிநாடு என்றால் கனடா, லண்டன், பிரான்ஸ், சுவிஸ். போனால் திரும்பி வராத இடம். மடிகணினியோடு மலேசியாவிலோ தாய்லாந்திலோ ஆறு மாதம் இருந்துவிட்டு வருவேன் என்றால் ஊருக்கு விளங்காது, "அங்கையிருந்து எங்கை பாயப் போறான்?" என்றுதான் கதை போகும். கதை போகட்டும். நாங்கள் விடும் பிழை, அந்தக் கதையை நாங்களே பாதி நம்பிக்கொண்டு, விசாவைப் பற்றி அரைகுறையாகப் போவது. சுற்றுலா விசாவில் போய் இருந்து வேலை செய்யலாம், ஆர் பார்க்கப் போகிறார்கள் என்பார்கள். குடிவரவில் "என்ன வேலைக்கு வந்தாய்?" என்று கேட்டால் நா தடுமாறும், திருப்பி அனுப்பினால் அது கடவுச்சீட்டோடு ஒட்டிக்கொண்டு வரும். மடிகணினியோடு வேறு நாட்டில் இருந்து வேலை செய்பவர்களுக்கென்றே இப்போது விசா இருக்கிறது. மலேசியாவின் டி ரன்டாவு அனுமதிக்குத் தொழில்நுட்ப வேலைக்காரர் வருடம் 24,000 டொலர் வருமானம் காட்ட வேண்டும், மற்ற வேலைகளுக்கு 60,000. தாய்லாந்து 2024 ஜூலையில் கொண்டுவந்த டிரிவி (DTV) விசா ஐந்து வருடத்துக்கானது, ஒரு முறை போனால் 180 நாள் நிற்கலாம். ஆனால் கணக்கில் 5 இலட்சம் பாத் காட்ட வேண்டும், எங்கள் காசில் 45 இலட்சத்துக்குக் கிட்ட. விதிகள் மாறிக்கொண்டிருக்கும், போகும் மாதத்தில் தூதரகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். எதைக் கேட்டாலும் கடைசியில் கேட்பது தாள்தான். உண்டியலில் காசு வாங்கிய நான் அந்த வரிசையில் நிற்கவே ஒன்றரை வருடம் எடுத்தது.

180 நாள் என்பதில் இன்னொரு பொறியும் உண்டு. ஒரு வருடத்தில் 180 நாளோ அதற்கு மேலோ தாய்லாந்தில் நின்றால் அந்த நாட்டின் வரிக் கணக்கிலும் உங்கள் பெயர் வந்துவிடும். மலேசியாவில் அது 182. நாட்காட்டியில் நாட்களை எண்ணுங்கள்.

இதில் ஒன்றை மட்டும் சத்தமாகச் சொல்ல வேண்டும். "தாய்லாந்தில் டேற்றா என்ற்றி வேலை, சாப்பாடு தங்குமிடம் இலவசம், ரிக்கற் நாங்கள் போடுவோம்" என்று வட்ஸ்அப்பில் வந்தால், அது நான் இவ்வளவு நேரமும் சொல்லிக்கொண்டிருக்கும் வேலை இல்லை. அப்படிப் போனவர்களைத் தாய்லாந்து எல்லையைத் தாண்டி மியன்மாரின் மியாவாடிப் பக்கத்து மோசடி முகாம்களில் அடைத்து, கொம்பியூட்டருக்கு முன்னால் இருத்தி அடித்து வேலை வாங்கினார்கள். இலங்கைப் பெடியன்களும் பெட்டையளும் அதில் இருந்தார்கள், 2024 இல் சிலரை மீட்டுக் கொண்டுவந்தார்கள். சுயதொழில் செய்பவனுக்கு ஒருவனும் இலவசமாக ரிக்கற் போட மாட்டான். உங்கள் ரிக்கற் உங்கள் காசில்தான்.

நேரம் இன்னொரு தலையிடி. ரொறன்ரோவில் காலை 9 மணி என்றால் இங்கே மாலை ஆறரை, அவர்களின் குளிர்காலத்தில் ஏழரை. மெல்போர்னில் காலை 9 மணி என்றால் இங்கே விடிய நாலரை, அவர்களின் கோடைகாலத்தில் மூன்றரை. இரண்டு பக்கமும் வேலை எடுத்து நாலு மாதம் ஓடினேன், பிறகு டெங்குக் காய்ச்சலில் பத்து நாள் படுத்தபோதுதான் சுகயீன லீவு என்ற ஒன்று முன்பு இருந்தது ஞாபகம் வந்தது. இப்போது மாத வருமானத்தில் பத்து வீதம் தனிக் கணக்கில் போகிறது, அதன் பெயரே "காய்ச்சல்".

வீட்டில் இருக்கிறாய்தானே என்று ஊர் உங்களைக் கூப்பிடும். செத்த வீட்டுக்குப் பந்தல் போட, மாமியை வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக, காலபோக விதைப்புக்கு உழவு மெசினோடு நிற்க. எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொல்லவும் முடியாது, சொல்லவும் கூடாது. நான் விட்ட பிழை, கிளையன்றுக்கு அதை ஒளித்தது. அவுஸ்திரேலியாவில் கணக்கு வருடம் முடிவது ஜூன் 30. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வைகாசியில், அவர்களுக்கு வேலை நெருப்பாய் எரியும் நேரத்தில். இரண்டு வருடம் அம்மா தனியப் போய் வந்தா. இப்போது ஏப்ரலிலேயே எழுதி அனுப்பிவிடுகிறேன்: இந்தத் திங்கள் நான் இல்லை, குடும்பக் கோயில் விஷயம். "சரி, ஞாயிறுக்கு முன் அனுப்பிவிடு" என்று ஒரு வரியில் பதில் வந்தது.