கற்பனைத் துருவ நாட்டுக்கு ஒப்பந்தம் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதிரி ஐ.நா. அவைக்காகவோ, புனைகதைக்காகவோ, பொழுதுபோக்காகவோ தென்துருவத்தில் ஒரு நாட்டைக் கற்பனை செய்பவர்கள் முதலில் கொடியை வரைகிறார்கள். அடுத்து எல்லையை வரைகிறார்கள். அதன் பிறகே சுற்றுச்சூழல் ஒப்பந்தங்களைப் புரட்டிப் பார்க்கிறார்கள். முதல் தவறே இந்த வரிசைதான். 1959 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனில் 12 நாடுகள் கையெழுத்திட்ட அண்டார்க்டிக் ஒப்பந்தத்தின் 4ஆம் பிரிவு, அதற்கு முன்பே உரிமை கோரியிருந்த 7 நாடுகளின் கோரிக்கைகளை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கும்வரை அங்கே நிகழும் எந்தச் செயலும் உரிமைக்கு ஆதாரமாகாது என்றும், புதிய கோரிக்கையை எழுப்பவோ பழையதை விரிவாக்கவோ கூடாது என்றும் சொல்லி அது நிறுத்திக்கொண்டது. ஒரே தீபகற்பத்தைத் தமது என்று சொல்லும் அர்ஜென்டினாவும் சிலியும் பிரிட்டனும் இன்றுவரை ஒரே மேசையில் அமர்ந்து பேச முடிவது, தீர்க்க முடியாத வழக்கைத் தீர்க்காமலேயே விட்ட அந்தச் சாமர்த்தியத்தால்தான்.

“ஒப்பந்தம் நாடுகளைத்தான் கட்டுப்படுத்தும், தனிமனிதர்களை அல்ல” என்பது பலர் நம்பும் இன்னொரு வாதம். எந்த நாடும் உரிமை கோராத மேரி பேர்டு நிலத்தின் மீது 2001இல் தொடங்கப்பட்ட வெஸ்டார்க்டிகா என்ற குறுநாட்டு முயற்சி இந்த வாதத்தைத்தான் பற்றிக்கொண்டது. ஆனால் தனிமனிதர் என்ற ஓட்டை வழியே உள்ளே நுழைந்தவர் நாடாக வெளியே வர முடியாது. நாடு என்பதற்கு 1933ஆம் ஆண்டின் மான்டிவிடியோ உடன்படிக்கை கேட்கும் நிலையான குடிமக்கள் அங்கே எவரும் இல்லை. ஒப்பந்தத்தில் சேர ஐ.நா. உறுப்பு நாடாக இருக்க வேண்டும். இல்லையேல் ஆலோசனைத் தகுதி பெற்ற நாடுகள், அதாவது ஒப்பந்தக் கூட்டங்களில் முடிவெடுக்கும் உரிமையுள்ளவை, அனைத்தும் இசைந்து அழைக்க வேண்டும். தனிமனிதர்களை அவரவர் நாட்டுச் சட்டம் பிடித்துக்கொள்ளும். இந்தியாவுக்கு அது 2022ஆம் ஆண்டின் அண்டார்க்டிக் சட்டம்.

எல்லாவற்றிலும் அதிகம் பரவியிருப்பது, 2048இல் சுரங்கத் தடை காலாவதியாகிறது என்ற தவறு. 1991இல் மட்ரிட்டில் கையெழுத்தாகி 1998இல் நடைமுறைக்கு வந்த, அண்டார்க்டிக் ஒப்பந்தத்தின் சுற்றுச்சூழல் நெறிமுறையின் 7ஆம் பிரிவு, அறிவியல் ஆய்வுக்காக அல்லாத கனிமப் பணிகள் அனைத்தையும் தடை செய்கிறது. அந்தத் தடைக்கு முடிவுத் தேதி கிடையாது. நெறிமுறை நடைமுறைக்கு வந்து 50 ஆண்டுகள் கழிந்தபின் ஆலோசனைத் தகுதி பெற்ற எந்த நாடும் மறுஆய்வு மாநாடு கேட்கலாம், அவ்வளவே. கேட்டாலும், அங்கே நிறைவேறும் திருத்தம் நடைமுறைக்கு வர, 1991இல் அத்தகுதி பெற்றிருந்த 26 நாடுகளும் ஒன்றுவிடாமல் ஏற்புறுதி அளிக்க வேண்டும். சுரங்கத்தை முறைப்படுத்தும் சட்டபூர்வமான ஏற்பாடு ஒன்று நடைமுறையில் இல்லாமல் தடையை நீக்கவும் முடியாது. உண்மையான ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது: அப்படி நிறைவேறிய திருத்தம் 3 ஆண்டுகளுக்குள் நடைமுறைக்கு வராவிட்டால், அதைக் காரணம் காட்டி ஒரு நாடு நெறிமுறையிலிருந்தே விலகலாம். கற்பனை நாட்டின் தூதருக்கு நாடகம் வேண்டுமென்றால், அதை இந்த விலகல் விதியில் தேடுவது நல்லது.

சுரங்கம் தடைபட்டதால் மீன்பிடியும் தடைபட்டதாக எழுதிவிடக் கூடாது. கிரில் என்ற இறால் போன்ற சிற்றுயிர் உள்ளிட்ட கடல் வளங்களை 1980ஆம் ஆண்டின் தனி உடன்படிக்கை கவனிக்கிறது. அது பிடிப்பை அளவிட்டு அனுமதிக்கிறது. அங்கே முடிவெடுக்கப் பெரும்பான்மை போதாது; ஒரே ஒரு நாடு மறுத்தாலும் தீர்மானம் நின்றுவிடும். ராஸ் கடலில் சுமார் 15.5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பைப் பாதுகாக்கும் முடிவு பல ஆண்டு இழுபறிக்குப் பின் 2016இல்தான் எட்டப்பட்டது, அதுவும் 35 ஆண்டு வரம்போடு. எனவே “பெரும்பான்மை வாக்கால் நிறைவேறியது” என்று வரைவில் எழுதுபவர் அண்டார்க்டிக் அரசியலின் உயிர்நாடியையே தவறவிடுகிறார்.

நாய்கள் இழுக்கும் பனிச்சறுக்கு வண்டியைத் தேசியச் சின்னமாக்குவதும் வேண்டாம். அயல் உயிரினங்களைத் தடுக்கும் விதியால் 1994 ஏப்ரலுக்குள் அங்கிருந்த நாய்கள் அனைத்தும் வெளியேற்றப்பட்டன. வடதுருவ விதிகளை இங்கே ஒட்டுவதும் தவறு. ஆர்க்டிக் என்பது நாடுகள் சூழ்ந்த ஒரு கடல். 1996இல் உருவான ஆர்க்டிக் மன்றம் பிறந்ததே ஒப்பந்தத்தால் அல்ல, ஒரு பிரகடனத்தால்.

கையெழுத்தானதும் எல்லாம் நடைமுறைக்கு வந்துவிட்டதாகக் கொள்வது இன்னொரு தவறு. 1989இல் பாஹியா பராய்சோ என்ற அர்ஜென்டினக் கப்பல் அண்டார்க்டிக் தீபகற்பத்தருகே தரைதட்டி எண்ணெய் கசிந்தது. இத்தகைய விபத்துகளுக்கு யார் பொறுப்பேற்பது, துப்புரவுச் செலவை யார் தருவது என்பதை வரையறுக்கும், சுற்றுச்சூழல் நெறிமுறையின் 6ஆம் இணைப்பு 2005இல்தான் ஏற்கப்பட்டது. அன்று ஆலோசனைத் தகுதி பெற்றிருந்த எல்லா நாடுகளின் ஒப்புதலும் வேண்டியிருந்ததால், அது பல ஆண்டுகளாகக் காகிதத்திலேயே கிடக்கிறது.