மேயர் எலுமிச்சையில் சைட்கார்: அளவும் பக்குவமும்

சைட்கார் என்ற காக்டெயிலில் மூன்றே பொருள்: கோனியாக் (பிரான்ஸின் திராட்சை பிராந்தி), குவாந்த்ரோ (ஆரஞ்சுத் தோல் மணமுள்ள இனிப்பு மது), எலுமிச்சைச் சாறு. மூன்றில் ஒன்று கோணினாலும் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். கலிஃபோர்னியாவில் நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை வீட்டுத் தோட்டங்களில் மேயர் எலுமிச்சை காய்த்துத் தள்ளும்; அக்கம்பக்கத்தார் பை நிறையக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். அந்தப் பழத்தில் சைட்கார் போடுகிறவர்கள் பலர், கடை லெமனுக்கு எழுதிய அளவை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். கிளாஸில் கிடைப்பது பிராந்தி ஊற்றிய பானகம்.

கோளாறு பழத்தில் இல்லை, அளவில் இருக்கிறது. மேயர் முழு லெமன் அல்ல. அமெரிக்க விவசாயத் துறைக்காகச் செடி தேடிப்போன ஃபிராங்க் மேயர் 1908இல் பெய்ஜிங் பக்கத்திலிருந்து கொண்டுவந்த கலப்பினம் இது. கிடாரங்காய் வகையான சிட்ரானும், மாண்டரினும் பம்ப்ளிமாஸும் சேர்ந்த ஒரு கலப்பும் இதன் பெற்றோர். அதனால் யுரேகா, லிஸ்பன் போன்ற கடை லெமன்களைவிடப் புளிப்பு குறைவு, இனிப்பு கூடுதல், தோல் மெல்லிசு. ஆனால் தோலின் வாசனைக்கு ஈடில்லை. ஓமத்துக்கு அதன் மணத்தைத் தரும் தைமால் மேயர் தோலின் எண்ணெயிலும் உண்டு. பிராந்தியின் மர வாசனையோடு அது நன்றாகச் சேரும். ஆக, வாசனையைத் தோலிலிருந்து எடுக்க வேண்டும், புளிப்பைக் கணக்குப் பார்த்துச் சேர்க்க வேண்டும். கீழே வரும் அளவெல்லாம் இந்த இரண்டுக்காகத்தான்.

பழைய விகிதங்கள்

1922 வாக்கில் லண்டனில் அச்சான கையேடுகளில் மூன்றும் சமபங்கு. 1930இல் லண்டன் சவாய் ஓட்டலின் காக்டெயில் தொகுப்பு அதை 2:1:1 ஆக்கியது: பிராந்தி இரண்டு, மற்றவை ஒவ்வொன்று. 1948இல் டேவிட் எம்பரி என்ற அமெரிக்க வழக்கறிஞர் ஒரேயடியாக இறங்கி, பிராந்தி 8, எலுமிச்சை 2, குவாந்த்ரோ 1 என்றார். சைட்கார் பிறந்த இடம் பாரிஸா லண்டனா என்ற தகராறு இன்னும் ஓயவில்லை. நமக்கு அது வேண்டாம். மேயருக்குச் சமபங்கு ஒத்தே வராது, திகட்டும். எம்பரியின் அளவு பிராந்தியை மட்டுமே பேசவைக்கும். சரியான இடம் சவாய்க்கும் எம்பரிக்கும் நடுவில், சவாய்ப் பக்கமாகச் சாய்ந்து இருக்கிறது.

பழம்

தோல் எலுமிச்சை மஞ்சளைத் தாண்டி முட்டை மஞ்சள் கரு நிறத்துக்கு வந்திருக்க வேண்டும். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம் தெரிய வேண்டும். காம்பைக் கத்தரியால் வெட்டுங்கள். பிடித்து இழுத்தால் மெல்லிய தோல் காம்படியில் கிழியும். கிழிந்த இடத்தில் இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும். பறித்த பிறகு மேற்கொண்டு பழுக்காது, ஆகவே பச்சையாகப் பறித்து வைத்துப் பயனில்லை.

மரத்திலேயே விட்டால் நாளாக ஆகப் புளிப்பு இறங்கிக்கொண்டே போகும். டிசம்பர் பழமும் மார்ச் பழமும் ஒரே மரத்தில் காய்த்தவையானாலும் சைட்காருக்கு வேறு வேறு சரக்கு. ராத்திரி உறைபனி விழுந்த வாரத்தில் ஒரு பழத்தை வெட்டிப் பாருங்கள். சுளை காய்ந்து, சவ்வில் வெள்ளைப் பொடி போலப் படிந்திருந்தால் உள்ளே உறைந்து கெட்ட பழம். அதில் சாறும் இருக்காது, ருசியும் இருக்காது.

வீட்டுப் பழத்தின் பெரிய லாபம் மெழுகு இல்லாத தோல். கடைப் பழத்தில் பளபளப்புக்காக மெழுகு பூசியிருப்பார்கள். வெந்நீரில் தேய்த்துக் கழுவினால்தான் தோலைப் பயன்படுத்த முடியும். மரத்துக்கு மருந்து அடித்திருந்தால் மட்டும், மருந்து டப்பாவில் போட்டிருக்கும் இடைவெளி நாள் கடந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிராந்தியும் ஆரஞ்சு மதுவும்

வி.எஸ்.ஓ.பி. என்ற நடுத்தர வயதுக் கோனியாக் போதும். அதைவிட இளசான வி.எஸ். கொஞ்சம் காரமாக இருக்கும், ஆனாலும் ஒப்பேறும். நெடுநாள் பழுக்கவைத்த எக்ஸ்.ஓ.வை எலுமிச்சையில் கரைப்பது காசைக் கரைப்பது. கலிஃபோர்னியாவில் திராட்சையிலிருந்து காய்ச்சும் நல்ல பிராந்திகளும் சரிவரும். ஸ்பெயினின் ஹெரெஸ் பிராந்தி பெரும்பாலும் இனிப்பாக இருக்கும். அதைப் போட்டால் குவாந்த்ரோவை 5 மி.லி. குறையுங்கள். தமிழ்நாட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அங்கே பிராந்தி என்று விற்பதில் பெரும்பகுதி கரும்பாலைப் பாகிலிருந்து வடித்த சாராயத்தில் மணமும் நிறமும் சேர்த்தது. எலுமிச்சை பட்டதும் அந்த எசென்ஸ் வாசனை தூக்கலாக மேலே வந்துவிடும். லேபிளில் திராட்சை பிராந்தி என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

குவாந்த்ரோவுக்கு 40 சதவீத ஆல்கஹால். அதே வகை ஆரஞ்சு மதுவான ட்ரிப்பிள் செக்கில் மலிவானவை பல 15 முதல் 25 சதவீதம்தான், சர்க்கரை மட்டும் தாராளமாக இருக்கும். ஏற்கெனவே இனிக்கும் மேயரோடு அது சேர்ந்தால் மேலே சொன்ன பானகம்தான். செலவைக் குறைக்க வேண்டுமானால் பிராந்தியில் குறையுங்கள், இதில் கை வைக்காதீர்கள்.

ஒரு கிளாஸுக்கு

- கோனியாக்: 60 மி.லி.
- குவாந்த்ரோ: 20 மி.லி.
- அன்றே பிழிந்து வடிகட்டிய மேயர் சாறு: 25 மி.லி.
- மேயர் தோல்: இரண்டு நீளப் பட்டை, ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம்
- விளிம்புக்குத் தோல் சர்க்கரை, விருப்பமானால்

இது டிசம்பர், ஜனவரிப் பழத்துக்கான அளவு. பிப்ரவரி நடுவுக்கு மேல் மேயர் சாற்றை 18 மி.லி. ஆக்கி, கடை லெமன் சாறு 7 மி.லி. சேருங்கள். கடை லெமன் இல்லையென்றால் 100 மி.லி. மேயர் சாற்றுக்கு 1.5 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்துக்கொள்ளலாம். நம்மூர்ச் சின்ன எலுமிச்சையும் ஆகும். அது காட்டமான புளிப்பு என்பதால் 5 மி.லி.க்கு மேல் போக வேண்டாம்.

கலக்குவதற்கு முன் ஒரு சோதனை. சாறு அரை டீஸ்பூன், குவாந்த்ரோ அரை டீஸ்பூன் சேர்த்து நாக்கில் விடுங்கள். முதலில் புளிப்பு, பின்னால் இனிப்பு என்று வந்தால் பழம் சரி. இனிப்பு முந்திக்கொண்டால் லெமனோ அமிலமோ தேவை. இந்த ஒரு ஸ்பூன் எந்த அட்டவணையையும்விட நம்பகமானது, ஏனென்றால் ஒவ்வொரு மரமும் ஒரு மாதிரி.

விளிம்புச் சர்க்கரை

50 கிராம் சர்க்கரையை மிக்சியில் ஓரிரு சுற்று மட்டும் விடுங்கள். மணல் போல இருக்க வேண்டும், மாவானால் விளிம்பில் பசையாகிவிடும். ஒரு பழத்தின் மஞ்சள் தோலை மட்டும் துருவிப் போட்டு, சர்க்கரை ஈரமாகி நிறம் ஏறும்வரை விரல் நுனியால் தேயுங்கள். தட்டில் பரப்பி ஒரு மணி நேரம் உலரவிட்டு, கட்டியை உதிர்த்து மூடி போட்ட பாட்டிலில் வையுங்கள்; குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு வாரம் மணம் நிற்கும்.

வெட்டிய எலுமிச்சையைக் கிளாஸ் விளிம்பின் வெளிப்பக்கம் மட்டும், அதுவும் பாதி வட்டத்துக்குத் தடவுங்கள். கிளாஸைச் சாய்த்துப் பிடித்துச் சர்க்கரையில் உருட்டுங்கள். கவிழ்த்து அமுக்கினால் உள்பக்கமும் ஒட்டும், அது பானத்தில் விழுந்து கரைந்து நீங்கள் போட்ட கணக்கைக் குலைக்கும். பாதி விளிம்பு ஏனென்றால், இனிப்பு வேண்டும்போது அந்தப் பக்கமும் வேண்டாதபோது இந்தப் பக்கமும் வாய் வைக்கலாம். பிறகு கிளாஸை ஃப்ரீசரில் பத்து நிமிடம் வையுங்கள். 150 மி.லி.க்குக் குறையாத கூப் கிளாஸ் (காம்பு வைத்த, அகலமான கிண்ண வடிவக் கிளாஸ்) வேண்டும்.

செய்முறை

முதலில் தோலைச் சீவுங்கள், பிறகு பிழியுங்கள். பிழிந்து சப்பையான பழத்தில் பீலர் ஓடாது. பீலரை லேசாகப் பிடியுங்கள். பட்டையின் அடியில் வெள்ளை கெட்டியாகத் தெரிந்தால் கத்தியால் வழித்து எடுத்துவிடுங்கள்.

பழத்தைக் குறுக்கே வெட்டி, கைப்பிழிவானில் ஒரே அமுக்கு. ஒரு நடுத்தரப் பழத்தில் 30 முதல் 45 மி.லி. வரும். கடைசிச் சொட்டுக்காகத் திரும்பத் திரும்ப நெரித்தால் மேயரின் மெல்லிய தோல் கிழிந்து கசப்பு இறங்கும். சாற்றை வடிகட்டுங்கள்.

ஷேக்கரில் சாறு, குவாந்த்ரோ, கோனியாக் என்ற வரிசையில் ஊற்றுங்கள். அளவு தவறினால் மலிவானதைத்தான் கொட்ட நேரும், அதற்காகத்தான் கோனியாக் கடைசி. கண்ணளவு வேண்டாம், ஜிகர் என்ற சின்ன அளவுக் கிண்ணத்தால் அளங்கள். இந்தப் பானத்தில் 5 மி.லி. பெரிய வித்தியாசம்.

ஒரு தோல் பட்டையைப் பானத்துக்கு மேலே பிடித்து முறுக்கி உள்ளேயே போட்டுவிடுங்கள். தோலை ஐஸோடு சேர்த்துக் குலுக்குவதைப் பார்களில் ரீகல் ஷேக் என்பார்கள். ஐஸ் அடித்துத் தோலின் எண்ணெயையும் மெல்லிய கசப்பையும் வெளியே எடுக்கும். மேயரின் இனிப்புக்குக் கடிவாளம் போடுவது அந்தக் கசப்புதான். பட்டை ஒன்றே போதும், இரண்டானால் மருந்து வாடை.

ஐஸ் ஃப்ரீசரிலிருந்து நேராக வர வேண்டும். வெளியே வைத்து மேலே தண்ணீர் பளபளக்கும் கட்டி, குலுக்கும் முன்பே பானத்தை நீர்க்கவைக்கும். பெரிய கட்டிகளாக முக்கால் ஷேக்கர் நிரப்பி, 12 முதல் 15 விநாடி ஓங்கிக் குலுக்குங்கள். ஷேக்கரின் வெளிப்புறம் வெள்ளையாகப் பனி பூத்து, பிடித்திருக்கும் விரல் மரத்துப்போனால் போதும். 105 மி.லி. போட்டது 135 மி.லி. வாக்கில் வெளியே வரும். சேர்ந்த அந்தத் தண்ணீரும் செய்முறையில் சேர்த்திதான்.

ஷேக்கர் வடிகட்டியோடு சின்னச் சல்லடையும் பிடித்துக் குளிர்ந்த கிளாஸில் ஊற்றுங்கள். ஐஸ் துணுக்கு கிளாஸில் விழுந்தால் மேலும் கரைந்துகொண்டிருக்கும். இரண்டாவது பட்டையை, மஞ்சள் பக்கம் கீழே பார்க்க, கிளாஸுக்கு ஒரு சாண் மேலே பிடித்து மடக்குங்கள். எண்ணெய்த் துளி பானத்தின் மேல் சிதறுவது வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியும். பட்டையைப் போடுவதும் எறிவதும் உங்கள் இஷ்டம்.

சரியாக வராவிட்டால்

திகட்டினால் சாற்றை 5 மி.லி. கூட்டுவதைவிடக் குவாந்த்ரோவை 15 மி.லி.க்கு இறக்குங்கள், மேயர் சாற்றைக் கூட்டினால் அதன் இனிப்பும் கூடவே வரும். நீர்த்துப்போனால் ஐஸ் ஈரம், அல்லது ஐஸ் கொஞ்சமாகப் போட்டிருக்கிறீர்கள். குறைந்த ஐஸ் சீக்கிரம் கரையும் என்பதைப் பலர் தலைகீழாக நினைக்கிறார்கள். பிராந்தி தொண்டையைச் சுட்டால் குலுக்கியது போதவில்லை. நாக்கின் அடியில் கசப்பு தங்கினால் வெள்ளைத் தோல் போயிருக்கிறது, அல்லது சாறு நேற்றையது. காலையில் பிழிந்தது சாயந்திரம் சரி, மறுநாள் ரசத்துக்குத்தான்.

எட்டுப் பேருக்கு

கோனியாக் 480 மி.லி., குவாந்த்ரோ 160 மி.லி. முதல் நாளே கலந்து பாட்டிலில் வைக்கலாம். அன்று மாலை மேயர் சாறு 200 மி.லி., குடிதண்ணீர் 210 மி.லி. சேருங்கள்; குலுக்காததால் ஐஸ் தரவேண்டிய நீரை நாமே ஊற்ற வேண்டியிருக்கிறது. நாலைந்து பட்டை தோலை முறுக்கிப் போட்டு அரை மணியில் எடுத்துவிடுங்கள். பாட்டிலை ஃப்ரீசரில் ஒன்றரை மணி நேரம் வையுங்கள், ராத்திரி முழுக்க விடாதீர்கள். கலவையில் ஆல்கஹால் 24 சதவீதம்தான், மைனஸ் 18 டிகிரியில் கூழாகிவிடும்.

ஒரு கிளாஸில் 32 மி.லி. தூய ஆல்கஹால் இருக்கிறது. அமெரிக்காவின் நிலையான பான அளவில் இது கிட்டத்தட்ட இரண்டு பானம். எலுமிச்சை மணத்தில் அது தெரியாமல் இறங்கும். விருந்தினருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வண்டி ஓட்டுகிறவருக்கு ஊற்றாதீர்கள்.

மற்றப் பழங்கள்

தோட்டத்தில் ரங்பூர் என்ற எலுமிச்சை வகை இருந்தால் அதிர்ஷ்டம். ஆரஞ்சு நிறம், மாண்டரின் வாசனை, எலுமிச்சையின் முழுப் புளிப்பு. அதற்குக் கோனியாக் 60, குவாந்த்ரோ 25, சாறு 20. சட்சுமா போன்ற மாண்டரின்களில் புளிப்பு போதாது. அவற்றைக் குவாந்த்ரோவில் ஒரு பகுதிக்குப் பதிலாக வையுங்கள்: மாண்டரின் சாறு 10, குவாந்த்ரோ 15, கடை லெமன் சாறு 22.

பருவம் முடியும்போது மிஞ்சும் மேயர் பழத்தின் தோலைத் துருவிச் சர்க்கரையில் தேய்த்து வைத்துவிட்டு, சாற்றை ஐஸ் தட்டில் 25 மி.லி. குழிகளாக ஊற்றி உறையவையுங்கள். இரண்டு மாதம் வரை புளிப்பு அப்படியே இருக்கும், வாசனை பாதி போய்விடும். அந்தச் சாற்றில் போடும் சைட்காருக்கு விளிம்புச் சர்க்கரையை விட்டுவிடாதீர்கள்; போன வாசனையை அதுதான் ஈடுகட்டும்.