ஆர்கானிக் சோலார் செல்: படலம் காய்ந்துவிட்டது என்று நம்பாதீர்கள்

போன வாரம் எங்கள் லேபில் புதிதாகச் சேர்ந்த மாணவி, கரைசலைச் சுழற்றிப் படலமாக்கும் ஸ்பின் கோட்டரிலிருந்து எடுத்த, ஒளியை உறிஞ்சும் படலத்தைப் பத்தே நிமிடத்தில் மின்முனை பூச ஏற்றப் போனார். "காஞ்சிடுச்சு சார்" என்றார். பத்து வருடத்துக்கு முன் நானும் இதையேதான் சொன்னேன். கண்ணாடியைச் சரியாகக் கழுவாதது, கரைசலை வடிகட்டாதது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

டிஐஓவை உள்ளேயே விட்டுவிடுவது

பாலிமரும் ஃபுல்லரீனும் (கார்பன் கூண்டு மூலக்கூறு) கலந்த படலத்தில் ஒளி பட்டதும் உருவாகும் எக்ஸிடான், அதாவது பிரியாத எலக்ட்ரான்–துளை இணை, சுமார் 10 நானோமீட்டர்தான் நகரும். அதற்குள், அந்த இணையைப் பிரிக்கும் பாலிமர்–ஃபுல்லரீன் எல்லை கிடைக்காவிட்டால் வீண். கரைசலில் கொஞ்சமாகச் சேர்க்கும் டைஅயோடோஆக்டேன், அதாவது டிஐஓ, ஃபுல்லரீனைக் கரைத்து வைத்துக்கொள்வதால் அது பெரிய உருண்டைகளாகத் திரளாமல் பாலிமருக்கு நடுவே பரவுகிறது. 2010இல் பிடிபி7 பாலிமர் 7.4 சதவீதச் செயல்திறனைத் தொட்டதே குளோரோபென்சீனில் 3 சதவீதம் டிஐஓ கலந்துதான். எனவே அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

சிக்கல் அப்புறம்தான். குளோரோபென்சீன் 132 டிகிரியில் கொதிக்கும். பெரும்பகுதி சுழலும்போதே பறந்துவிடும். டிஐஓவின் கொதிநிலை 300 டிகிரிக்கு மேல். படலத்தைச் சாய்த்து விளக்கொளியில் பாருங்கள்: எண்ணெய் தடவியது போல ஒரு மினுமினுப்பு ஓடும். இடுக்கி முனையால் ஓரத்தைத் தொட்டால் குழைந்து இழுபடும்.

மின்முனை பூசும் அறையின் வெற்றிடமே இதை இழுத்துவிடும் என்று நம்பினேன். கொஞ்சம் இழுக்கும், முழுக்க இழுக்காது. மேலே வெள்ளியைப் பூசிவிட்டால் மிச்சம் உள்ளேயே அடைபட்டுவிடும். அதில் புற ஊதா பட்டால் கார்பன்–அயோடின் பிணைப்பு அறுந்து, கிளம்பும் ராடிக்கல்கள் (எளிதில் வினைபுரியும் துண்டுகள்) பாலிமரையும் ஃபுல்லரீனையும் தாக்கத் தொடங்கும். டிஐஓ பாட்டிலில் தாமிரத் துண்டு போட்டு விற்பதும், வெளிச்சத்தில் வைத்தால் அது பழுப்பாவதும் இந்தப் பிணைப்பு வலுவில்லாததால்தான்.

என் செல்கள் முதல் நாள் அருமையாக வேலை செய்தன. புற ஊதாவும் தரும் செனான் விளக்கின் கீழ் நான்காம் நாள் பாதிக்கு வந்துவிட்டன. நைட்ரஜனுக்குள்தான் இருந்தன, இருந்தும் எங்கோ ஆக்சிஜன் கசிகிறது என்றே முடிவுகட்டினேன். ஒட்டும் பசையை மாற்றினேன், மூடும் கண்ணாடியை மாற்றினேன், நைட்ரஜன் நிரப்பிய குளோவ் பாக்ஸின் சென்சாரைக் கழற்றிச் சோதித்தேன். ஏழு மாதம் போனது. கடைசியில் டிஐஓ இல்லாமல் ஒரு தொகுதி செய்தேன். தொடக்கச் செயல்திறன் குறைவுதான், ஆனால் இரண்டு வாரம் கழித்தும் பெரிதாக இறங்கவில்லை. அந்த ஒப்பீட்டை முதல் வாரமே செய்திருக்கலாம். இன்றும் ஒரு ஆய்வுக் கட்டுரையில் "டிஐஓ 3 சதவீதம்" என்று மட்டும் போட்டு, எப்படி வெளியேற்றினார்கள் என்று ஒரு வரிகூட இல்லாவிட்டால் எனக்கு எரிச்சல் வருகிறது.

இரவு முழுக்க உயர் வெற்றிடத்தில் வையுங்கள், அல்லது மேலே மெத்தனால் விட்டு ஒருமுறை சுழற்றுங்கள். எதைச் செய்தாலும் சரி, டிஐஓ இல்லாத தொகுதி ஒன்றும் அதே விளக்கின் கீழ் பக்கத்திலேயே இருக்கட்டும்.

துத்தநாக ஆக்சைடின் மேல் ஒய்6

ஃபுல்லரீனுக்குப் பதிலாக 2019இல் வந்த ஒய்6 போன்ற மூலக்கூறுகளை, எலக்ட்ரானைச் சேகரிக்கும் அடுக்கான துத்தநாக ஆக்சைடின் மேல் நேரடியாகப் பூசினால், புற ஊதாவில் அந்த ஆக்சைடு ஒளி வினையூக்கியாக வேலை செய்து, மூலக்கூறின் நடுப்பகுதியையும் முனைகளையும் இணைக்கும் இரட்டைப் பிணைப்பை உடைக்கும். நடுவே மெல்லிய தடுப்புப் படலம் ஒன்று போடுங்கள், அல்லது 400 நானோமீட்டருக்குக் கீழுள்ள ஒளியை வடிகட்டுங்கள்.

ஒரே ஒரு செல்லை வைத்து முடிவெடுப்பது

வேண்டாம்.

மாஸ்க் இல்லாமல் அளப்பது

ஒளி விழும் பரப்பை வரையறுக்கும் துளைத் தகடுதான் மாஸ்க். அது இல்லாமல் 2 மி.மீ. சதுரத்தில் நான்கு ஓரமும் 0.1 மி.மீ. நீண்டால் பரப்பு 21 சதவீதம் கூடிவிடும். மின்னோட்டக் கணக்கும் அதே அளவு பொய்யாகும்.

எல்இடி வெளிச்சத்து ஆயுள்

வெள்ளை எல்இடியில் புற ஊதா கிட்டத்தட்ட இல்லை. மேலே சொன்ன டிஐஓ, துத்தநாக ஆக்சைடு சேதம் இரண்டும் அதில் பெரும்பாலும் தெரியாமலே போகும். ஆயிரம் மணி நேரம் நின்றது என்று எழுதினால் எந்த விளக்கு, எத்தனை டிகிரி, சுமை இணைத்திருந்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 2011இல் ஆர்கானிக் சோலார் செல்லின் ஆயுளைச் சோதிக்க ஐசாஸ் நெறிமுறைகளை வகுத்ததே, ஒருவர் சொல்லும் ஆயுளை இன்னொருவர் சொல்வதோடு ஒப்பிட முடியவில்லை என்பதால்தான்.

அந்த மாணவியின் இரண்டு தொகுதிகளும் இப்போது செனான் விளக்கின் கீழ் இருக்கின்றன. விளக்கு, வெப்பநிலை, சுமை, தொடங்கிய தேதி எல்லாவற்றையும் டேப்பில் எழுதிப் பெட்டி மேல் ஒட்டியிருக்கிறார்.