சீக்குவென்சர் பேட்ச்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் எந்தச் சுரம், எப்போது ஒலிக்க வேண்டும் என்ற இரண்டு சங்கதியும் ஒன்றாகவே போய்விடும். தனித்தனி மொடியூல்களை (பகுதிகளை) கேபிளால் இணைத்து, அதாவது பேட்ச் செய்து, ஒலி உண்டாக்கும் அனலொக் மொடியூலர் சின்தசைசரில் இவை இரண்டுக்கும் தனித்தனி கேபிள். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ கோயில் இசைக்குழுவில் கீபோர்ட் வாசித்துப் பழகியவர்கள் முதலில் இடறுவது இங்கேதான். சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் ஓட்டும் சீக்குவென்சர் தானாகச் சத்தம் போடாது. சுரத்துக்கான வோல்டேஜை சி.வி. (கட்டுப்பாட்டு வோல்டேஜ்) வழியாக ஒலியை உண்டாக்கும் ஒசிலேட்டருக்கும், எப்போது தொடங்கி எப்போது நிற்பது என்று சொல்லும் கேட்டை ஒலியின் ஏற்ற இறக்கத்தை வடிவமைக்கும் என்வலப்புக்கும் அனுப்பும், அவ்வளவுதான்.

சுரம் மாறுகிறது, ஆனால் சத்தம் நிற்காமல் இழுத்துக்கொண்டே போகிறதா? கேட் என்வலப்புக்குப் போகவில்லை, அல்லது ஒலியின் அளவைக் கட்டுப்படுத்தும் வி.சி.ஏ.யை என்வலப் திறந்து மூடவில்லை. தாளம் சரி, சுரம் மட்டும் அசையவில்லையா? சி.வி. கேபிளைப் பாருங்கள், ஒசிலேட்டரின் சுருதி இன்புட்டுக்குப் பதிலாக, ஒலியின் தன்மையை மாற்றும் ஃபில்டரில் செருகியிருக்கலாம். ஐந்தாறு கேபிளை ஒரே மூச்சில் செருகிவிட்டால் எது பிழை என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஒன்றைச் செருகிக் கேளுங்கள், அப்புறம் அடுத்தது.

நான் மிக முக்கியமாக நினைப்பது, வரிசையை மீண்டும் முதலாவதுக்குத் திருப்பும் ரீசெட். பல சீக்குவென்சர்களில் 8 ஸ்டெப், அதாவது வரிசையில் 8 இடம். தப்பும் உறுமியும் கேட்டு வளர்ந்த நம் காதுக்கு எட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. மிஸ்ரம் வேண்டுமா? தகிட தகதிமி, மொத்தம் 7. இதற்கு ஏழாவது ஸ்டெப்பின் கேட்டை ரீசெட்டில் செருகுவதுதான் வழக்கமான தவறு. ஏழாவதைத் தொட்ட அந்தக் கணமே முதலாவதுக்குத் திரும்பிவிடுவதால் காதில் விழுவது 6. எட்டாவதைச் செருகினால்தான் 7 முழுதாக ஒலிக்கும். சில கருவிகளில் ரீசெட், ஸ்டெப்பை நகர்த்தும் அடுத்த கிளொக் துடிப்பில்தான் வேலை செய்யும். அவற்றில் ஏழாவதே சரி. ஆகவே வாயால் தகிட தகதிமி சொல்லிக்கொண்டே சரிபாருங்கள். கருவி கையில் இல்லாதவர்கள் வி.சி.வி. ராக் என்ற இலவச மென்பொருளில் இதையெல்லாம் கொம்பியூட்டரிலேயே செய்து பார்க்கலாம்.

அடுத்தது சுருதி. மொடியூல்களுக்கான பொது அளவுமுறையான யூரோரேக்கின் வழக்கப்படி 1 வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி மேலே போகும். அரைச் சுரம் ஒன்றுக்குச் சுமார் 0.083 வோல்ட். ஸ்டெப் குமிழ் முழுச் சுற்றுக்கு 5 வோல்ட் தருமானால், அந்தச் சின்னச் சுழற்சிக்குள் 60 அரைச் சுரங்கள். விரல் லேசாக அசைந்தாலே போச்சு. ரேஞ்சை 1 அல்லது 2 வோல்ட்டுக்குக் குறையுங்கள், வோல்டேஜை அருகிலுள்ள சரியான சுரத்துக்கு இழுக்கும் குவாண்டைசர் இருந்தால் ஒசிலேட்டருக்கு முன்னால் வையுங்கள். சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிப் போக வேண்டுமென்றால் வோல்டேஜ் மாற்றத்தை மெதுவாக்கும் ஸ்லூ லிமிட்டரைக் குவாண்டைசருக்குப் பின்னால்தான் போட வேண்டும். முன்னால் போட்டால் அந்த வழுக்கல் தனித்தனிச் சுரப் படிகளாக உடைந்துவிடும், நம் இசைக்கு அது ஒட்டவே ஒட்டாது.

நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்தக் குளிரில் கருவியைப் போட்டவுடனே சுருதி சேர்க்காதீர்கள். அனலொக் ஒசிலேட்டர் சூடேறும்வரை சுருதி நகர்ந்துகொண்டே இருக்கும். 20, 30 நிமிடம் விடுங்கள்.

கோர்க் எம்.எஸ்-20 என்ற சின்தசைசர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அதில் ஒவ்வொரு ஸ்தாயிக்கும் வோல்டேஜ் இரட்டிக்கும்: 1, 2, 4, 8. யூரோரேக் சீக்குவென்சரின் சி.வி.யை அதன் கீபோர்ட் இன்புட்டில் நேரே கொடுத்தால் சுரங்கள் சரியாக வராது. சுரத்தைத் தொடக்கும் ட்ரிகரும் தலைகீழ், வோல்டேஜ் பூச்சியத்துக்கு இறங்கும்போதுதான் சுரம் தொடங்கும். இந்த இரண்டு வகை வோல்டேஜையும் தரக்கூடிய சீக்குவென்சரை வாங்குங்கள், கோர்க் எஸ்.கியூ-1 அப்படிப்பட்டது.

கடைசியாக, மொடியூலைப் பெட்டியில் பொருத்தும்போது ரிப்பன் கேபிளின் சிவப்புக் கோடு –12 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். கரண்டை நிறுத்திவிட்டே பொருத்துங்கள். தலைகீழாகப் போட்டால் மொடியூல் எரிந்துபோகலாம்.