பழைய ஆட்டோமேட்டிக் காரின் கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றலாமா? கை வைப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

"இத்தனை வருடம் மாற்றவில்லை என்றால் இனியும் கை வைக்காதீர்கள் சார், மாற்றினால் கியர்பாக்ஸ் படுத்துவிடும்." செகண்ட் ஹேண்டில் ஆட்டோமேட்டிக் கார் வாங்கியவர்களில் இதைக் கேட்காதவர்கள் குறைவு. 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருந்த 2010-ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி ஒன்றை, ஒரு சர்வீஸ் ரசீதுகூட இல்லாமல் வாங்கியபோது எனக்கும் இதே அறிவுரைதான் கிடைத்தது. இந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. அது எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டால் முடிவெடுப்பது கடினமில்லை.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் இருக்கும் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட்) என்ற ஆயில் வெறும் மசகு எண்ணெய் அன்று. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் இன்ஜினின் சுழற்சியைக் கடத்துவது அந்த ஆயில்தான். கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் வால்வ் பாடியின் மெல்லிய பாதைகள் வழியே அழுத்தத்துடன் பாய்ந்து கிளட்ச் பிளேட்டுகளை நெருக்கிப் பிடிப்பதும், அங்கே எழும் சூட்டை வெளியே கொண்டுபோவதும் அதுதான். பிளேட்டுகள் வழுக்காமலும், வெடுக்கென்று கவ்வாமலும் பிடிப்பதற்கான சேர்மானங்கள் அதில் கலந்திருக்கின்றன. வருடக்கணக்கான சூட்டில் இந்தச் சேர்மானங்கள் வலுவிழந்துவிடும்.

பிளேட்டுகள் ஏற்கெனவே தேய்ந்துபோன கியர்பாக்ஸில், தேய்ந்த துகள்கள் மிதக்கும் பழைய ஆயில் கொஞ்சம் பிடிப்பைத் தருகிறது என்றும், புது ஆயில் ஊற்றினால் அந்தப் பிடிப்பும் போய்விடும் என்றும் மெக்கானிக்குகள் சொல்வதுண்டு. புது ஆயில் படிந்திருந்த கசடைக் கிளப்பி வால்வ் பாடியில் அடைக்க வைக்கும் என்ற அச்சமும் முழுக்கக் கற்பனை அன்று. ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு: கியர்பாக்ஸ் வழுக்கத் தொடங்கிய பிறகுதான் பலருக்கும் ஆயில் நினைவே வருகிறது. சாகக் கிடப்பவருக்குக் கடைசியாக மருந்து கொடுத்த வைத்தியர்மேல் பழி விழுவதைப் போல, ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த கியர்பாக்ஸின் பழி புது ஆயில்மேல் விழுகிறது. ஆகவே கேள்வி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதன்று. இன்று கியர்பாக்ஸ் எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான்.

படி 1: எந்த வகை என்று உறுதி செய்யுங்கள்

மாருதியின் ஏஜிஎஸ் போன்ற ஏஎம்டி (கிளட்சையும் கியரையும் தானாக இயக்கும்) வண்டிகளில் உள்ளே இருப்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான். படிப்படியான கியர்கள் இல்லாத சிவிடிக்கோ தனி ஆயில் உண்டு. இங்கே சொல்வது டார்க் கன்வெர்ட்டரும் கிளட்ச் பிளேட்டுகளும் உள்ள வழக்கமான ஆட்டோமேட்டிக்குக்கு மட்டும் பொருந்தும்.

படி 2: ஓட்டிப் பாருங்கள்

காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பிரேக்கை மிதித்தபடி கியர் லீவரை 'பி'யிலிருந்து 'ஆர்'க்கும், பிறகு 'டி'க்கும் மாற்றுங்கள். ஓரிரு நொடிக்குள் வண்டி இழுப்பதை உணர வேண்டும்; மூன்று நான்கு நொடி யோசித்துவிட்டுத் தடாலென்று விழுந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, சாலையில் நிதானமாக வேகம் எடுக்கும்போது ஆர்பிஎம் முள்ளைக் கவனியுங்கள். ஒரு கியரிலிருந்து அடுத்ததற்கு மாறும் நேரத்தில் முள் இறங்குவதற்குப் பதிலாகச் சட்டென்று மேலே ஏறி, வண்டி வேகம் கூடாமல் இன்ஜின் மட்டும் கத்தினால், கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். சீரான வேகத்தில், லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்திருக்கும்போது, சாலையில் வரிசையாகப் போட்ட சிறு தடைகள்மேல் ஓடுவது போன்ற அதிர்வு சில நொடிகள் வந்து மறைந்தால், அது டார்க் கன்வெர்ட்டரை நேரடியாகப் பூட்டும் லாக்-அப் கிளட்ச் சரியாகப் பிடிக்காத அறிகுறியாக இருக்கலாம். இந்த ஒரு கோளாறு புது ஆயிலாலேயே குறைவதுண்டு. முடிந்தால் ஸ்கேனரையும் மாட்டிப் பாருங்கள். பி0730, பி0740 போன்ற கியர்பாக்ஸ் கோளாறுக் குறியீடுகள் வந்தால் ஆயிலுக்கு முன்னால் நோயறிதல்தான் வேண்டும்.

படி 3: ஆயிலைப் பாருங்கள்

என் வண்டி போன்ற ஹோண்டாக்களில் ரேடியேட்டர் ஃபேன் ஓடும் வரை இன்ஜினைச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, 60 முதல் 90 நொடிக்குள் கியர்பாக்ஸ் ஆயில் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்க்க வேண்டும். வேறு பல நிறுவனங்களின் வண்டிகளில் இன்ஜின் ஓடும்போதே பார்க்க வேண்டும். ஆகவே உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே சட்டம். டிப்ஸ்டிக்கைத் துடைக்கப் பட்டறைகளில் கிடக்கும் காட்டன் வேஸ்டைப் பயன்படுத்தாதீர்கள், அதன் நூல் ஒன்று உள்ளே போனாலும் வால்வ் பாடிக்கு ஆகாது. நூல் பிரியாத துணியால் துடையுங்கள்.

புது ஆயில் பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். என் டிப்ஸ்டிக்கில் வந்தது நல்ல டிக்காஷன் நிறம். நிறத்தை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம், சில ஆயில்கள் சீக்கிரமே கறுக்கும். ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூ தாளில் விட்டு அரை மணி நேரம் விடுங்கள். பழுப்பாக ஆனாலும் சீராகப் பரவினால் நல்லது; நடுவில் கரித்தூள் போலக் கறுப்பு தங்கி, சுற்றிப் பரவாமல் நின்றால் பிளேட் துகள்கள் ஏறியிருக்கின்றன. கூடவே முகர்ந்தும் பாருங்கள். கருகிய நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர் மறக்க மாட்டார். இளஞ்சிவப்பு மில்க்‌ஷேக் போல நுரைத்திருந்தால் ரேடியேட்டருக்குள்ளிருந்து கூலன்ட் கலந்திருக்கக்கூடும். அப்போது வண்டியை ஓட்டாமல், கசிவைச் சரிசெய்த பிறகுதான் மற்ற பேச்சு.

டிப்ஸ்டிக்கே இல்லாத, 'சீல்டு' என்று சொல்லப்படும் கியர்பாக்ஸ்களில் ஆயில் அளவைக் குறிப்பிட்ட வெப்பநிலையில் செக் போல்ட் வழியே பார்க்க வேண்டும். அதைப் புதியவர்கள் பட்டறையிடம் விடுவது நல்லது.

படி 4: முடிவு

வழுக்கல் இல்லை, கருகல் நாற்றம் இல்லை, கியர் ஒழுங்காக மாறுகிறது என்றால், ஆயில் எவ்வளவு பழையதானாலும் மாற்றுங்கள். "இனிமேல் தொடாதே" என்ற பேச்சு இந்த வண்டிக்குப் பொருந்தாது. வழுக்கலும் கருகலும் சேர்ந்தே இருந்தால் ஆயில் அதைக் குணப்படுத்தாது. அந்தக் காசை நோயறிதலுக்கு வையுங்கள், அல்லது இருக்கும்வரை ஓட்டி, ரிப்பேர் செலவுக்குச் சேமியுங்கள். இடைப்பட்ட நிலையில், அதாவது லேசான அதிர்வோ சிறு தயக்கமோ மட்டும் இருந்தால், எதற்கும் உறுதி இல்லை என்று தெரிந்தே ஒரு முறை மாற்றிப் பார்ப்பேன்.

படி 5: மாற்றும் முறை

மெஷின் வைத்து அழுத்தத்தில் கழுவும் ஃப்ளஷ் பழைய கியர்பாக்ஸுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. கீழே வடித்து, மேலே ஊற்றும் எளிய முறையே போதும். இதில் டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் ஆயில் வடியாது என்பதால் ஒரு முறைக்குப் பாதிக்கும் குறைவாகத்தான் மாறும். ஒவ்வொரு முறையும் 40 சதவீதம் வடிகிறது என்று வைத்துக்கொண்டால், முதல் முறைக்குப் பிறகு பழையது 60 சதவீதம், இரண்டாவதற்குப் பிறகு 36, மூன்றாவதற்குப் பிறகு சுமார் 22 சதவீதம் எஞ்சும். நான் 1,000 கிலோமீட்டர் இடைவெளியில் மூன்று முறை செய்தேன். கியர்பாக்ஸின் நடத்தை ஏதாவது மாறினால் நடுவிலேயே நிறுத்திக்கொள்ள முடியும் என்பதே இந்த இடைவெளியின் பயன்.

ஆயில் ரகத்தில் சமரசம் கூடாது. என் வண்டியின் பழைய இசட்-1 ரகத்துக்குப் பதிலாக ஹோண்டா கொண்டுவந்தது டிடபிள்யூ-1. டொயோட்டாவின் டி-4, டபிள்யூஎஸ் இரண்டும் ஒரே நிறுவனத்தினுடையவை என்றாலும் ஒன்றுக்குப் பதில் மற்றது ஆகாது.

வண்டியை வெறும் ஜாக்கியில் நிறுத்தி அடியில் போகாதீர்கள்; ஸ்டாண்ட் போடுங்கள். ஆயில் கை சுடாத வெதுவெதுப்பில் இருக்கட்டும். ஹோண்டாவின் வடிபோல்ட்டின் தலையில் இருக்கும் சதுரக் குழியில் 3/8 அங்குல ராட்செட்டின் முனை நேரடியாகப் பொருந்தும், சாக்கெட் தேவையில்லை. போல்ட்டின் நுனியில் காந்தம் இருக்கும். என்னுடையதில் கண்மை போன்ற சாம்பல் பசை ஒட்டியிருந்தது. விரல்களுக்கிடையே தேய்த்தபோது எதுவும் நெருடவில்லை, அது சாதாரணத் தேய்மானம். செதில்களோ சில்லுகளோ வந்திருந்தால் அன்றே வேலையை நிறுத்தியிருப்பேன்.

வடிந்த ஆயிலை அளவுக் குவளையில் அளந்து, அதே அளவு புதியதை டிப்ஸ்டிக் துளை வழியே புனல் வைத்து ஊற்றுங்கள். போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு, 49 நியூட்டன் மீட்டர் இறுக்கம் வையுங்கள்; அலுமினிய உடலில் அதற்கு மேல் பலம் காட்டினால் மரை போய்விடும். பிறகு பிரேக்கை மிதித்தபடி எல்லா கியர்களிலும் சில நொடிகள் நிறுத்தி, சிறிது தூரம் ஓட்டி, சூடான பிறகு டிப்ஸ்டிக்கை மறுபடி பாருங்கள். மறுநாள் காலையில் வண்டி நின்ற இடத்தில் ஒரு அட்டையை விரித்து, சிவப்புச் சொட்டு ஏதும் விழுந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.