நிமிடக் கணக்கை நம்பி எழுதாதீர்கள்: ஹாரர் டிஸ்க் விமர்சனத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஹாரர் படங்கள், யாரும் கேள்விப்படாத இத்தாலிய, ஸ்பானிய த்ரில்லர்கள் எல்லாம் இப்போது மாதாமாதம் ப்ளூ-ரேயிலும் அதைவிடத் துல்லியமான 4கே டிஸ்க்கிலும் வந்துகொண்டே இருக்கின்றன. ஏரோ, செவெரின், வினிகர் சிண்ட்ரோம், செகண்ட் சைட் மாதிரியான சிறு நிறுவனங்கள் தேடிப் பிடித்துக் கொண்டுவருகின்றன. அவற்றைப் பற்றித் தமிழில் எழுதச் சில இளைஞர்கள் கிளம்பியிருப்பது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். எழுதியதை எனக்கு அனுப்பி, பார்த்துச் சொல்லுங்கள் என்கிறார்கள். பார்க்கும்போது, நான் எழுத வந்த புதிதில் செய்த அதே தவறுகள் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன.

கிளைமாக்ஸைப் போட்டு உடைப்பது, நடிகர் பெயரை மாற்றி எழுதுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை யாரும் சொல்லாமலே திருந்திவிடும். வாசகர் கைக்காசைக் கரைக்கும் தவறுகளை மட்டும் இங்கே சொல்கிறேன். அதிலும் ஒன்றைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

‘4 நிமிடம் குறைகிறது, வெட்டிவிட்டார்கள்’

கோயம்புத்தூர் நண்பர் ஒருவர் பழைய ஸ்பானிய ஹாரர் படம் ஒன்றின் பிரிட்டன் டிவிடி வைத்திருந்தார். குறைந்த எண்ணிக்கையில் அச்சிட்ட பதிப்பு. கையேடு, போஸ்டர் எல்லாம் சேர்ந்த பெட்டி. ஒரு விமர்சனத்தில், ‘அமெரிக்கப் பதிப்பு 100 நிமிடம், பிரிட்டன் பதிப்பு 96 நிமிடம், தணிக்கையில் 4 நிமிடம் போய்விட்டது, வாங்காதீர்கள்’ என்று படித்தார். மனசு கேட்காமல் பெட்டியைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு, அமெரிக்க டிஸ்க்கை வரவழைத்தார். தபால் செலவு, சுங்க வரி எல்லாம் தனி. இரண்டிலும் இருந்தது ஒரே படம். ஒரு ஷாட் கூடக் கூடவில்லை, குறையவில்லை. விற்ற பெட்டி இப்போது எங்கேயும் கிடைக்காது. அந்த விமர்சனம் இன்றுவரை திருத்தப்படவில்லை. நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

நடந்தது இதுதான். சினிமா ஃபிலிம் நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும். ஐரோப்பாவில் பெரும்பாலும் இருந்த ‘பால்’ என்ற தொலைக்காட்சி முறையில் நொடிக்கு 25 ஃபிரேம். நம் தூர்தர்ஷனும் அதே முறைதான். அந்த முறையில் டிவிடி போடும்போது ஃபிலிமைக் கொஞ்சம் வேகமாக ஓட்டிவிடுவார்கள். வேகம் 4 சதவீதம் கூடும், 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும். 127 நிமிடப் படம் என்றால் ஏறக்குறைய 122. எல்லாக் காட்சியும் அதில் இருக்கும். பேச்சும் இசையும் மட்டும் லேசாக மேலே ஏறிக் கேட்கும். காது பழகியவர்களுக்கு அரைக்கட்டைக்குக் கொஞ்சம் குறைவாகச் சுருதி கூடியிருப்பது பிடிபட்டுவிடும்.

ப்ளூ-ரே பெரும்பாலும் 24 ஃபிரேமிலேயே ஓடுவதால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிட்டது என்று நினைக்கலாம். தீரவில்லை, திசை மாறியிருக்கிறது. பழைய பிரிட்டன் டிவிடியையும் புது ப்ளூ-ரேயையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ‘இதுவரை யாரும் பார்க்காத 4 நிமிடம் சேர்ந்திருக்கிறது’ என்று எழுதுகிறார்கள். போன மாதம் எனக்கு வந்த ஒரு கட்டுரையின் தலைப்பே அதுதான். வெளியாவதற்கு முன்னால் மாற்றச் சொல்ல முடிந்தது.

சந்தேகப்படுவதில் தப்பில்லை. பிரிட்டனில் வெட்டு என்பது வெறும் வதந்தி இல்லை. 1984-ல் வந்த வீடியோ சட்டத்துக்குப் பிறகு அங்கே வீட்டு வீடியோவுக்கும் தணிக்கை கட்டாயமானது. ‘வீடியோ நாஸ்டி’ என்று பெயர் வாங்கிய படங்களின் அரசுப் பட்டியலில் மொத்தம் 72 படங்கள் இடம்பெற்றன. ‘ஈவில் டெட்’ முதல் பாகம் 2001-ல்தான் அங்கே வெட்டில்லாமல் அனுமதி பெற்றது. விலங்கு வதை இருந்தால் இன்றும் வெட்டு உண்டு. அதற்கென்று 1937-லேயே போட்ட சட்டம் இருக்கிறது. ‘கானிபல் ஹோலோகாஸ்ட்’ படத்துக்கு 2011-ல் அங்கே அனுமதி கிடைத்தபோது, ஒரு சிறு விலங்கைக் கொல்லும் காட்சியில் சுமார் 15 வினாடி போனது.

அந்த 15 வினாடியைக் கொஞ்சம் கவனியுங்கள். உண்மையான வெட்டு பல நேரம் அவ்வளவு சிறியது. அட்டையின் பின்பக்கம் நிமிடத்தில் போட்டிருக்கும் கணக்கில் அது தெரியவே தெரியாது. இல்லாத வெட்டுதான் 4 நிமிடம், 5 நிமிடம் என்று பெரிதாகத் தெரிகிறது. நிமிடக் கணக்கை நம்பி எழுதுபவர் நல்ல டிஸ்க்கைக் குறை சொல்லிவிட்டு, வெட்டுப்பட்ட டிஸ்க்கை ‘முழுப் படம்’ என்று பரிந்துரைப்பது இப்படித்தான் நடக்கிறது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு டிஸ்க்கையும் ஓடவிட்டு, எளிதில் அடையாளம் தெரியும் காட்சிகள் நான்கைந்தின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கதவு திறக்கும் இடம், முதல் கொலை, ஒரு குறிப்பிட்ட வசனம், இப்படி. 24 ஃபிரேம் டிஸ்க்கில் 25-வது நிமிடத்தில் வரும் காட்சி மற்றதில் 24-ல் வந்து, 50-ல் வருவது 48-லும் 75-ல் வருவது 72-லும் வந்தால், வித்தியாசம் சீராக வளர்கிறது. அது வேகம்தான், வெட்டு இல்லை. வெட்டு என்றால் வித்தியாசம் ஓரிடத்தில் சட்டென்று குதிக்கும், அதற்கப்புறம் அப்படியே நிற்கும். இரண்டு டிஸ்க்கின் வேகமும் வேறாக இருந்தால், 25 ஃபிரேம் டிஸ்க்கின் நேரத்தை 25-ஆல் பெருக்கி 24-ஆல் வகுத்துவிட்டு ஒப்பிடுங்கள். குதித்த இடத்துக்குப் போய் ஷாட் ஷாட்டாகப் பார்த்து, என்ன போயிருக்கிறது என்று வார்த்தையில் எழுதுங்கள். ‘வெட்டப்பட்டது’ என்று எழுத அதற்கப்புறம்தான் உங்களுக்கு உரிமை. ஆரம்பத்தில் வரும் நிறுவன லோகோ, சீரமைப்புப் பற்றிய அறிவிப்பு, கடைசியில் கறுப்புத் திரையில் ஓடும் இசை ஆகியவற்றையும் கழித்துவிடுங்கள்.

வேகத்தைச் சரிசெய்த பிறகும் நேரம் வேறாக இருந்தால், அது வேறு ‘கட்’டாக, அதாவது வேறு மாதிரி எடிட் செய்த வடிவமாக இருக்கலாம். 1978-ல் வந்த ‘டான் ஆஃப் தி டெட்’ அமெரிக்கத் திரையரங்குகளில் 127 நிமிடம் ஓடியது. ஐரோப்பாவுக்காக இத்தாலிய இயக்குநர் டாரியோ அர்ஜென்டோ எடிட் செய்த வடிவம் அதைவிடக் குறுகியது: நகைச்சுவை குறைவு, காப்ளின் குழுவின் இசை அதிகம், அமெரிக்க வடிவத்தில் இல்லாத துண்டுகளும் உண்டு. பிரான்ஸின் கான் நகரத்தில் காட்டிய நீளமான வடிவம் மூன்றாவது. மூன்றுக்கும் தனித்தனியாக ரசிகர்கள் இருக்கிறார்கள். இதில் எதை ‘வெட்டுப்பட்டது’ என்பீர்கள்? டிஸ்க்கில் எந்தக் கட் இருக்கிறது, யார் செய்தது, எங்கே ஓடியது என்று சொன்னால் போதும். தேர்வை வாசகர் பார்த்துக்கொள்வார்.

‘ஒரிஜினல் மொழியில் பாருங்கள்’

இத்தாலியப் படம் என்றதும் இத்தாலிய ஒலித்தடம்தான் அசல், ஆங்கிலம் டப்பிங் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அறுபது, எழுபதுகளின் இத்தாலிய ஹாரர் படங்கள் பெரும்பாலும் ஸ்பாட்டில் ஒலிப்பதிவு இல்லாமல் எடுத்தவை. நடிகர்கள் ஆளுக்கொரு மொழியில் பேசுவார்கள். பிறகு எல்லா மொழிக்கும் ஸ்டூடியோவில் குரல் கொடுப்பார்கள். ‘சஸ்பிரியா’வில் நாயகி ஜெசிகா ஹார்ப்பரின் சொந்தக் குரல் ஆங்கிலத் தடத்தில்தான் இருக்கிறது. உதட்டசைவைப் பார்த்தாலே யார் எந்த மொழியில் பேசினார்கள் என்று புரிந்துவிடும்.

‘டீப் ரெட்’ (1975) இன்னொரு சிக்கல். இத்தாலிய வடிவம் 127 நிமிடம், வெளிநாட்டுக்கு அனுப்பிய ஆங்கில வடிவம் 105. நீளமான வடிவத்தை ஆங்கிலத்தில் ஓடவிட்டால் நடுநடுவே இத்தாலிய மொழிக்குத் தாவும். அந்தக் காட்சிகளுக்கு ஆங்கிலக் குரல் இல்லை. இதை டிஸ்க்கின் கோளாறு என்று எழுதிய ஒரு விமர்சனத்தைப் படித்துவிட்டு, டிஸ்க்கைத் திருப்பி அனுப்பக் கிளம்பிய ஒருவரைத் தடுத்து நிறுத்தியிருக்கிறேன்.

சப்டைட்டிலையும் சோதியுங்கள். இத்தாலிய ஒலிக்கு அதிலிருந்தே மொழிபெயர்த்த சப்டைட்டில் வர வேண்டும். ஆங்கில டப்பிங் வசனத்தை அப்படியே எழுத்தாக்கிப் போட்டிருந்தால், அதைக் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டு தடத்திலும் ஒரே காட்சியை ஒரு நிமிடம் ஓடவிட்டால் தெரிந்துவிடும்.

‘புது 4கே’ என்று மட்டும் எழுதுவது

எதை ஸ்கேன் செய்தார்கள்? விமர்சகர் முதலில் தேட வேண்டிய பதில் இது. கேமராவில் ஓடிய நெகட்டிவா, அதிலிருந்து எடுத்த நகலா, திரையரங்கில் ஓடித் தேய்ந்த பிரின்டா? 4கே-யில் ஸ்கேன் செய்து சாதாரண ப்ளூ-ரேயாக வெளியிடுவதும் உண்டு. அதைவிடத் துல்லியம் குறைந்த பழைய 2கே வேலையைப் பெரிதாக்கி 4கே டிஸ்க்கில் போடுவதும் உண்டு.

‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ (1968) நல்ல உதாரணம். படத்தின் பெயரை மாற்றியபோது காப்புரிமை அறிவிப்பு விடுபட்டுப்போனதால் அது பொதுவுடைமையாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் வெளியிடலாம். தேய்ந்த பிரின்டிலிருந்து போட்ட மங்கலான டிஸ்க்குகள் குவிந்தன. நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகமும் ஃபிலிம் ஃபவுண்டேஷனும் அசல் நெகட்டிவிலிருந்து 4கே-யில் சீரமைத்ததை கிரைடீரியன் நிறுவனம் 2018-ல் வெளியிட்டது. இரண்டுக்கும் உள்ள தூரம் மலைக்க வைக்கும். ஆனால் கடைத் தளங்களில் எல்லாப் பதிப்புகளின் விமர்சனமும் ஒரே இடத்தில் கலந்து கிடக்கிறது. எந்த நிறுவனம், எந்த வருடம் என்று முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.

ஒரே படத்துக்குள்ளேயே தரம் மாறலாம். ‘தி விக்கர் மேன்’ (1973) படத்தின் அசல் நெகட்டிவ் தொலைந்துவிட்டது. 2013-ல் வந்த ‘ஃபைனல் கட்’டில் மீட்ட காட்சிகள், ஹார்வர்ட் ஆவணக் காப்பகத்தில் கிடைத்த ஒரு 35 எம்எம் பிரின்டிலிருந்து எடுத்தவை. அவை மற்ற காட்சிகளைவிட மங்கலாகத்தான் இருக்கும். அதைக் குறையாக எழுதுவது அநியாயம். அந்தக் காட்சிகள் நம் கைக்கு வந்ததே பெரிய விஷயம்.

கிரெய்னைக் குறை சொல்வது

‘டெக்சஸ் செயின் சா மாஸக்கர்’ (1974), ‘ஈவில் டெட்’ (1981) இரண்டும் 16 எம்எம் ஃபிலிமில் எடுத்தவை. ஃபிலிமிலேயே இருக்கும் கிரெய்ன் என்ற பொடிகள் ஆற்று மணலைப் போலத் திரை முழுக்க நெளியத்தான் செய்யும். படமே அதில்தான் இருக்கிறது. அதைத் துடைத்தால் முகத்தின் தோலும் துணியின் நெசவும் சேர்ந்து போய்விடும். ‘பிரெடேட்டர்’ படத்தின் 2010 ப்ளூ-ரேயை ஒருமுறை பாருங்கள், மனிதர்கள் மெழுகுப் பொம்மைகளாக நிற்பார்கள். ‘பளிச்சென்று இருக்கிறது’ என்று பாராட்டும் முன் கன்னத்தையும் முடியையும் உற்றுப் பாருங்கள்.

நிறத்தை ஞாபகத்தை வைத்துத் தீர்மானிப்பது

‘டிவிடியில் இப்படி இல்லையே’ என்பது சான்றாகாது. அந்த டிவிடியே தப்பாக இருந்திருக்கலாம். ‘சஸ்பிரியா’வை ஒளிப்பதிவாளர் லூசியானோ டொவோலியின் மேற்பார்வையில் சினாப்ஸ் நிறுவனம் சீரமைத்து 2017-ல் வெளியிட்டது. ‘ஹாலோவீன்’ படத்தின் 2013 பதிப்பின் நிறத்தை ஒளிப்பதிவாளர் டீன் கண்டி பார்த்துத் தந்தார். யார் மேற்பார்வை என்று தேடி எழுதுங்கள். படைப்பாளியே பார்த்தார் என்பதற்காகத் தலையாட்ட வேண்டும் என்றில்லை. பிடிக்கவில்லை என்றால் எந்தக் காட்சியில், எது என்று சொல்லுங்கள்.

எச்டிஆர் (வெளிச்சத்தையும் நிறத்தையும் இன்னும் விரிவாகக் காட்டும் முறை) டிஸ்க்கை டிவியிலிருந்து ஃபோனில் படம் பிடித்துப் போட்டு ‘இருட்டாக இருக்கிறது’ என்று எழுதாதீர்கள். அந்தப் படத்தில் தெரிவது உங்கள் ஃபோன் கேமராவின் கணக்கு.

டிவி செட்டிங்

அசைவை வழுவழுப்பாக்க டிவியே இடையில் ஃபிரேம்களைச் சேர்க்கும் மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

பெட்டிக்கு மதிப்பெண்

ஒரு பத்தி போதும்.

கூடுதல் அம்சங்களை அட்டையிலிருந்து நகலெடுப்பது

படம் ஓடும்போதே அதைப் பற்றிப் பேசும் கமென்ட்ரி தடத்தை அரை மணி நேரமாவது கேளுங்கள். கேட்காததைப் பற்றி எழுத வேண்டாம்.

ரீஜியனைச் சொல்லாமல் விடுவது

டிஸ்க் எந்த நாட்டு ப்ளேயரில் ஓடும் என்பதைக் கட்டுப்படுத்தும் பூட்டுதான் ரீஜியன். நம் வாசகர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். ப்ளூ-ரேயில் அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர், மலேசியா எல்லாம் ஏ, பிரிட்டன் பி, இந்தியாவும் இலங்கையும் சி. பி ரீஜியனுக்குப் பூட்டிய டிஸ்க் சென்னையில் வாங்கிய சாதாரண ப்ளேயரில் ஓடாது. 4கே டிஸ்க்குக்கு இந்தப் பூட்டு இல்லை. ஆனால் அதே பெட்டியில் கூடவே வரும் ப்ளூ-ரேக்கு இருக்கலாம், கூடுதல் அம்சங்கள் பல நேரம் அந்த ப்ளூ-ரேயில்தான் இருக்கும். இரண்டையும் தனித்தனியாக ப்ளேயரில் போட்டுப் பார்த்து எழுதுங்கள்.

எழுதிவிட்டு மறந்துவிடுவது

சிறு நிறுவனங்கள் தவறு தெரிந்தால் மாற்று டிஸ்க் அனுப்புவதுண்டு. ஒலி ஒத்துப்போகாதது, ஒரு ரீல் விட்டுப்போனது மாதிரியான கோளாறுகள் அப்படிச் சரியாகியிருக்கின்றன. முன்கூட்டியே விமர்சனத்துக்கு வரும் சோதனை டிஸ்க்கும் கடைக்கு வருவதும் வேறாக இருக்கலாம். நீங்கள் பார்த்தது எது என்று எழுதுங்கள். திருத்தம் வந்தால் பழைய விமர்சனத்தின் அடியில் இல்லை, தலைப்புக்குக் கீழேயே தேதியோடு போடுங்கள். வாங்கலாமா என்று தேடி வருபவர் அடிவரை படிக்க மாட்டார்.