நெல் மில்லுக்கு மென்பொருள்: நாளும் காசும் கணக்குப் பார்க்கும் விதம்

"தம்பி, இதுக்கு எத்தினை நாள் எடுக்கும்? எவ்வளவு முடியும்?"

கிளிநொச்சிக்குக் கிட்ட ஒரு அரிசி மில் முதலாளி கேட்டார். கையில் அவர் தந்த தேத்தண்ணி. நின்ற நிலையில் "ஆறு கிழமை, ஒண்டரை லட்சம் ஐயா" என்று சொல்லிவிட்டேன். வேலை முடியப் பதினாலு கிழமை சென்றது. மேலதிக எட்டுக் கிழமைக்கும் ஒரு சதம்கூடக் கேட்க முடியவில்லை, வாக்குக் கொடுத்தவன் நான். வன்னியிலிருந்து சொந்தமாக மென்பொருள் வேலை எடுக்கத் தொடங்கும் தம்பி தங்கச்சிமாருக்கு அந்த நட்டம் வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

கேட்ட இடத்தில் நாளும் விலையும் சொல்லாதீர்கள். "ரெண்டு நாள் தாங்கோ, பார்த்துச் சொல்லுறன்" என்றால் யாரும் கோபிக்க மாட்டார்கள். அந்த இரண்டு நாளும் கணனிக்கு முன்னால் இருக்க வேண்டாம். வேலை நடக்கும் இடத்தில் போய் இருங்கள். முதலாளி எனக்குச் சொன்னது "நெல் வாங்கிறது, காசு குடுக்கிறது, பில் அடிக்கிறது, அவ்வளவுதான்" என்று. தராசுக்குப் பக்கத்தில் அரை நாள் நின்றிருந்தால் மிச்சமும் தெரிந்திருக்கும். வெறும் சாக்கின் நிறை கழிக்க வேண்டும். ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேலே போனால் கிலோ கழிப்பார்கள். பதருக்கு வேறு கழிவு. விதைக்க முதல் முற்பணம் வாங்கினவருக்கு அதை நெல்லுக் காசில் வெட்ட வேண்டும். சிலர் நெல்லை இறக்கிவிட்டு, விலை ஏறின பிறகு கணக்கு முடிப்பார்கள். "காசு குடுக்கிறது" என்ற ஒரு சொல்லுக்குள் இத்தனை இருந்தது.

கண்டதை எல்லாம் துண்டு துண்டாக எழுதுங்கள். ஒரு துண்டு இரண்டு நாளுக்கு மேலே போகிறதென்றால் அதை நீங்கள் இன்னும் விளங்கிக்கொள்ளவில்லை, திரும்பவும் உடையுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் மூன்று எண் போடுங்கள்: எல்லாம் சரியாக வந்தால் எத்தனை நாள், வழமையாக எத்தனை, எல்லாம் பிழையாகப் போனால் எத்தனை. நடு எண்ணை நாலால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் பிரியுங்கள். 1958 அளவில் அமெரிக்கக் கடற்படையின் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவான பேர்ட் முறை இது. எங்கள் மில்லுக்கும் நன்றாகவே பொருந்துகிறது.

மூன்றாவது எண் ஏன் வேண்டும் என்று தமிழ் பில் எனக்குக் காட்டியது. சின்ன தேர்மல் பிரிண்டர். ஆங்கிலமும் இலக்கமும் உடனே வந்தன. விவசாயியின் பெயரைத் தமிழில் அனுப்பினால் கடதாசியில் கட்டம் கட்டமாக விழுந்தது. அந்தப் பிரிண்டருக்குள் தமிழ் எழுத்தே இல்லை. முழு பில்லையும் படமாக வரைந்து அனுப்பினேன். எழுத்து வந்தது, ஆனால் ஒரு பில் வர நேரம் பிடித்தது. வெளியே உழவு இயந்திரங்கள் வரிசையில் நிற்கும்போது அது சரிவராது. கடைசியில் பெயரையும் ஊரையும் மட்டும் படமாக்கி, மிச்சத்தை எழுத்தாகவே விட்டேன். அரை நாள் என்று போட்டிருந்தேன், ஐந்து நாள் போனது. இப்போது அப்படிப்பட்ட வேலைக்கு 1, 2, 9 என்று போடுகிறேன், கணக்கில் 3 நாள் வரும்.

வந்த கூட்டுத்தொகையும் கடைசி எண் இல்லை. நான் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன்: சொன்ன நாள் ஒரு பக்கம், உண்மையில் சென்ற நாள் மறுபக்கம். கடைசி எட்டு வேலையிலும் பார்த்தால் நான் சொன்னதைப்போல ஏறக்குறைய 1.6 மடங்கு சென்றிருக்கிறது. ஆகவே 30 வந்தால் 48 என்று எழுதுகிறேன். இந்த எண்ணை என்னிடம் கடன் வாங்காதீர்கள், உங்கள் கொப்பியிலிருந்து எடுங்கள். கொப்பி இல்லாதவர் இன்றைக்கே தொடங்கட்டும்.

அடுத்தது கலண்டர். இரணைமடுவில் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்பதைக் குளத்தில் நிற்கும் தண்ணியைப் பார்த்துத்தான் கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். விதைத்த பிறகு தண்ணி தேடுவதில்லை. உங்கள் நாட்களையும் அப்படி அளந்து பாருங்கள். மாதத்தில் 22 வேலை நாள் என்றாலும் பழைய வாடிக்கையாளரின் திருத்தம், போன், கரண்ட் போகும் நேரம் எல்லாம் கழித்தால் எனக்கு மிஞ்சுவது 15. அப்போது 48 நாள் வேலை மூன்று மாதத்துக்கு மேலே போகும். முதலாளியின் கலண்டரையும் பாருங்கள். தைக் கடைசியிலிருந்து பங்குனி வரை காலபோக அறுவடை, மில்லில் உங்களோடு இருந்து பரீட்சித்துப் பார்க்க ஒருவரும் கிடைக்க மாட்டார்கள். வற்றாப்பளைப் பொங்கல், மடு ஆவணித் திருவிழா நாட்களில் ஊரே அங்கே நிற்கும்.

காசுக் கணக்கு இதற்குப் பிறகுதான். வீட்டுக்கும் தொழிலுக்கும் மாதம் 150,000 ரூபா வேண்டுமென்றால், 15 நாளால் பிரித்தால் நாளுக்கு 10,000. 48 நாளுக்கு 480,000. அதை ஒற்றை எண்ணாகச் சொல்லாமல் "நாலரையிலிருந்து ஆறு லட்சம், தராசைக் கணனியோடு இணைக்கிறதிலதான் எனக்குச் சந்தேகம்" என்று சொல்லுங்கள். சேவர் வாடகை, எஸ்எம்எஸ் செலவு, மில் பிள்ளைகளுக்குப் பழக்கும் நாட்கள், வேலை முடிந்த பிறகு செய்யும் பராமரிப்பு எல்லாம் தனித்தனி வரியில் வரட்டும். கூடிப்போச்சு என்றால் நாள்கூலியைக் குறைக்காதீர்கள். "முதல்ல நிறுவை, முற்பணம், பில் மட்டும் செய்வம். இருபத்தஞ்சு நாள், ரெண்டரை லட்சம்" என்று வேலையைச் சுருக்குங்கள்.

வேலை பிந்தினால் ஆள் சேர்த்து ஓடிப்பிடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். ஐபிஎம்மில் பெரிய மென்பொருள் வேலையை நடத்திய பிரெட் புரூக்ஸ், பிந்திய வேலைக்கு ஆள் சேர்த்தால் அது இன்னும் பிந்தும் என்று 1975இலேயே எழுதினார். நானும் பத்தாவது கிழமையில் இரண்டு சிநேகிதரைக் கூப்பிட்டேன். முற்பணக் கணக்கை அவர்களுக்கு விளங்கப்படுத்தவே ஒரு கிழமை போனது. பிந்தும் என்று தெரிந்த அன்றைக்கே முதலாளியிடம் நேரில் போய், புதுத் திகதியோடு சொல்லுங்கள்.

வேலை முடிந்த அன்று இரவே கொப்பியில் எழுதிவிடுங்கள். சென்ற நாளுக்குப் பக்கத்தில் "ஏன்" என்று ஒரு நிரலும் வேண்டும். என் கொப்பியில் அந்த நிரலில் "தமிழ் பில்" மூன்று இடத்தில் இருக்கிறது.